கல்கத்தா வழியாக மட்டும்

1885 அக்டோபர் 22ஆம் தேதியிட்டு, அன்றைய இந்திய அரசின் பெயரால் பர்மிய அரசுக்கு ஓர் இறுதி எச்சரிக்கை போனது. தேக்கு வெட்டி விற்றுவந்த பம்பாய் பர்மா வணிகக் கழகத்தின் மீது மண்டலே அரசவை விதித்த அபராதத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றது. பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவரைத் தலைநகரில் ஏற்க வேண்டும், சீனத்தோடு வணிகம் செய்ய வழிவிட வேண்டும் என்றது. இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. பர்மா தன் வெளியுறவுகளை இனி இந்திய அரசின் ஆலோசனைப்படி நடத்த வேண்டும், ஆப்கானிஸ்தான் அமீர் இப்போது நடத்துவதைப் போல.

மண்டலேயிலிருந்து காபூல் எத்தனை தொலைவு! திபா மன்னரும் அமீர் அப்துர் ரஹ்மானும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. இருந்தும் ஒருவருக்கு மற்றவர் முன்மாதிரியாகக் காட்டப்பட்டார். எச்சரிக்கை எழுதப்பட்ட 37ஆம் நாள் மண்டலே வீழ்ந்தது. மன்னரைக் குடும்பத்தோடு நீராவிக் கப்பலில் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டுவந்தார்கள்; சில மாதங்கள் இங்கே வைத்திருந்து ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916இல் அங்கேயே இறந்தார்.

காலனி அரசு தன் அண்டை நாடுகளோடு எப்படி உறவாடியது என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் பல பதில்கள் சொல்லியிருக்கிறார்கள். ரஷ்ய பயம் என்பார்கள் சிலர். வணிகம், எல்லைப் பாதுகாப்பு, களத்தில் இருந்த அதிகாரிகளின் பேராசை என்று மற்றவர்கள் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் நேபாளம் முதல் குவைத் வரை கையெழுத்தான உடன்படிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அந்த மண்டலே வாசகம் வெவ்வேறு உடைகளில் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். நிலம், வரி, கப்பம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. உலகத்தோடு பேசுவதென்றால் எங்கள் வழியாக மட்டும் பேசு என்ற ஷரத்து மட்டும் மாறுவதில்லை. இந்த ஷரத்தின் கதைதான் கல்கத்தா ராஜதந்திரத்தின் கதை என்பது என் எண்ணம்.

முதலில், பேசியது யார் என்று பார்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வணிக நிறுவனம். 1858க்குப் பிறகு வந்த இந்திய அரசும் லண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்குக் கீழ்ப்பட்டது. தானே இறையாண்மை இல்லாத ஓர் அரசு, இறையாண்மை உள்ள மன்னர்களோடு உடன்படிக்கை செய்தது. அண்டை நாட்டார் இந்த முரணை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். பர்மாவின் மின்டோன் மன்னர் தனக்குச் சமமானவர் விக்டோரியா மகாராணி என்றும், கல்கத்தாவில் இருப்பவர் அவருடைய ஊழியர் என்றும் கருதினார். 1872இல் தன் மூத்த அமைச்சர் கின்வுன் மிங்யீயை ஐரோப்பாவுக்கே அனுப்பினார். மகாராணி தூதுக்குழுவை வரவேற்றார். ஆனால் அவர்களை அரசியின் முன் அழைத்துச் சென்று அறிமுகம் செய்தவர் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் அல்ல, இந்திய அமைச்சரான ஆர்கைல் கோமகன். சுதந்திர நாட்டின் தூதர் என்று போனவர்களை இந்தியாவைச் சேர்ந்த சிற்றரசின் ஆட்கள்போல நிறுத்திவிட்டார்கள் என்ற வருத்தம் பர்மியர்களுக்கு ஆறவே இல்லை.

பாரசீகத்தில் இந்தக் குழப்பம் வெளிப்படையான சண்டையாகவே நடந்தது. 1800இல் கல்கத்தா ஜான் மால்கமை ஏராளமான பரிசுப் பொருள்களோடு ஷாவிடம் அனுப்பியது. சில ஆண்டுகள் கழித்து லண்டன் ஹார்போர்டு ஜோன்ஸை நேராக அனுப்பியது. கல்கத்தா மறுபடியும் மால்கமை அனுப்பியது. ஒரே பேரரசின் இரண்டு தூதர்கள் ஒரே ஷாவின் முன் போட்டியிட்டார்கள். தெஹ்ரான் தூதரகம் யாருடைய பொறுப்பு என்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இழுபட்டு, 1835இல் லண்டனிடம் போனது.

கல்கத்தாவின் வெளியுறவுத் துறைக்குத் தனிக் குணம் ஒன்று இருந்தது. 1783இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் உருவான இந்தத் துறையை வைஸ்ராய்கள் தங்கள் நேரடிப் பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஐதராபாத், மைசூர், குவாலியர் சமஸ்தானங்களின் கோப்புகளும் காபூல், காத்மாண்டு, பர்மாவின் ஆவா கோப்புகளும் அதே துறையில், அதே எழுத்தர்களின் கைகளில் புரண்டன. உள்ளே பழகிய வாசகங்கள் வெளியே போனதற்கு இதுவே காரணம். 1800இல் நிஜாமோடு செய்த உடன்படிக்கையிலேயே, கம்பெனியைக் கேட்காமல் வேறு எந்த அரசோடும் பேச்சு நடத்தக்கூடாது என்ற ஷரத்து இருக்கிறது. வெல்லெஸ்லி காலத்துத் துணைப்படைத் திட்டத்தின் உயிர்நாடி அது. அரசவைகளில் பிரிட்டிஷ் பிரதிநிதியை அமர்த்தும் ரெசிடென்ட் முறையை ஆராய்ந்த மைக்கேல் ஃபிஷர், இந்திய அரசவைகளில் கற்ற பாடம் பேரரசின் மற்ற பகுதிகளுக்கும் மாதிரியானதைக் காட்டியிருக்கிறார். அண்டை நாட்டை அண்டை நாடாகப் பார்க்காமல், இன்னும் சமஸ்தானமாகாத சமஸ்தானமாகப் பார்க்கும் கண் இந்த ஒரே அலுவலகத்தில் உருவானது.

ஆனால் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. அந்தத் தொடக்கத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.

1772இல் பூட்டானியர் கூச் பிஹாருக்குள் இறங்க, கம்பெனிப் படை அவர்களைத் துரத்தியது. 1774 மார்ச்சில் ஹேஸ்டிங்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் திபெத்தின் தாஷில்ஹுன்போ மடத்துப் பஞ்சன் லாமா. பூட்டானியரை மன்னித்துவிடும்படி கேட்டிருந்தார். கடிதத்தோடு வந்த பரிசுகளில் சீனப் பட்டும், ரஷ்யாவின் இரட்டைத் தலைக் கழுகு முத்திரை குத்திய பொன்பூச்சுத் தோலும் இருந்தன. அந்தத் தோலைப் பார்த்ததுமே, இமயத்துக்கு அப்பால் எங்கெங்கிருந்தோ சரக்குப் பாதைகள் வந்து கூடுகின்றன என்பது ஹேஸ்டிங்ஸுக்கு விளங்கியது. கடிதத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பூரண்கிர் என்ற கோசாயி, மலைப்பாதைகளில் வணிகமும் யாத்திரையும் ஒன்றாகச் செய்த துறவி.

பதில் தூதாக 27 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஜார்ஜ் போக்ல் அனுப்பப்பட்டார். வழிகாட்டியவர் பூரண்கிர். பூட்டானில் தங்கும் இடமெல்லாம் உருளைக்கிழங்கு நட்டுவிட்டுப் போகும்படி ஹேஸ்டிங்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார்; போக்லும் அப்படியே செய்தார். 1774 நவம்பரில் லாமாவைச் சந்தித்தார். இருவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இந்துஸ்தானியில் பேசிக்கொண்டார்கள். லாமாவுக்கு ஓரளவு அந்த மொழி தெரியும். குளிர்காலம் முழுவதும் பேச்சு நடந்தது. லாசாவுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை, வணிக உடன்படிக்கையும் கைகூடவில்லை. ஆனால் கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் கூசுரியில் ஒரு மடம் எழுந்தது. திபெத்திலிருந்து வரும் யாத்ரீகர்களுக்கும் வணிகர்களுக்கும் கங்கைக் கரையில் ஓர் இடம் வேண்டும் என்று லாமா கேட்க, ஹேஸ்டிங்ஸ் நிலம் கொடுத்தார். போட் பாகான் என்ற அந்த மடத்துக்குப் பூரண்கிரே மகந்து ஆனார். பின்னர் கம்பெனியின் தூதராகவும் தனியே திபெத் போய்வந்தார். 1795இல் மடத்துக்குள் புகுந்த கொள்ளையரோடு போராடி மாண்டார்.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இதில் கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், போய்வருபவர் ஒருவர் இருக்கிறார்கள்; கட்டளையிடுபவர் இல்லை. கம்பெனிக்கு அன்று இமயத்தைத் தாண்டும் பலம் இல்லை. பலம் இல்லாத காலத்தில் அது காது கொடுத்துக் கேட்டது.

நம் மெட்ராசிலிருந்து போன ஒரு தூதும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். 1762இல் மெட்ராஸ் கவுன்சில் உறுப்பினர் ஜான் பைபஸ், டச்சுக்காரர்களுக்கு எதிராக உறவு தேடி, கண்டியின் நாயக்க மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனிடம் போனார். காலணியைக் கழற்றி, மன்னர் முன் மண்டியிட்டார். முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஆனாலும் செய்தார். அரை நூற்றாண்டு கழிந்ததும் காட்சி தலைகீழானது. 1815இல் கண்டி ராஜ்யமே பிரிட்டிஷ் மகுடத்தின் கைக்குப் போனது. அதன் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார்.

காலணி என்றதும் பர்மாவுக்குத் திரும்ப வேண்டும். 1826இல் யாண்டபோ உடன்படிக்கைப்படி பர்மா ஒரு கோடி ரூபாய் இழப்பீடு கொடுத்தது. அரக்கானும் தெனாசெரிமும் பறிபோயின. அன்றைய தலைநகர் ஆவாவில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஒருவர் இருக்கலாம் என்றும் முடிவானது. 1830 முதல் 1837 வரை அங்கே இருந்த ஹென்றி பர்னி பர்மிய மொழியைக் கற்றார். அமைச்சர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அரசவையின் வரலாற்று ஏடுகளைப் படித்தார். அவர் கல்கத்தாவுக்கு எழுதிய கடிதங்களில், எதிரில் இருப்பவர்களுக்கும் நியாயம் உண்டு என்ற உணர்வு தெரியும். அரசவைக்குள் எல்லாரும் காலணி கழற்றினார்கள், பிரிட்டிஷ் தூதர்களும் கழற்றினார்கள். 1875இல் மண்டலே போன டக்ளஸ் ஃபோர்சைத்தும் கழற்றிவிட்டுத் தரையில்தான் உட்கார்ந்தார். அதன்பின் இந்திய அரசு முடிவெடுத்தது: இனி எந்தப் பிரிட்டிஷ் அதிகாரியும் காலணி கழற்ற மாட்டார். மின்டோன் இணங்கவில்லை. தன் முன்னோர் வழக்கத்தை விட்டால் தன் மக்கள் முன் அரசனாக நிற்க முடியாது என்பது அவர் நிலை. விளைவாக, மண்டலேயில் இருந்த ரெசிடென்டால் மன்னரைப் பார்க்கவே முடியாமல் போனது.

இதைச் சடங்குச் சண்டை என்று ஒதுக்கிவிடுவது தவறு. மன்னரைப் பார்க்காத தூதருக்குச் செய்தி எங்கிருந்து வரும்? வணிகர்களிடமிருந்தும், அரண்மனைக் கோஷ்டிகளிடமிருந்தும், வதந்தியிலிருந்தும் வரும். 1878இல் மின்டோன் இறந்தார். அடுத்த ஆண்டு ரெசிடென்சியே மூடப்பட்டது. 1885 ஜனவரியில் பர்மா பிரான்சோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டபோது, அதன் நோக்கத்தை நேரில் கேட்டு அறிய மண்டலேயில் கல்கத்தாவுக்கு ஆள் இல்லை. பிரெஞ்சுக்காரர் வருகிறார்கள் என்ற கிலி பரவியது. இந்திய ஆட்சியில் அறிவு வற்றும் இடத்தில் பீதி ஊறும் என்பதை சி.ஏ. பேய்லி தன் தகவல் வரலாற்று நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மண்டலே அதற்குக் கொடூரமான சான்று.

நேபாளத்தின் கதை வேறு. கம்பெனியோடு நடந்த 1814-16 போரில் தோற்று சுகௌலி உடன்படிக்கையை ஏற்றது. அதன் ஏழாம் ஷரத்து, பிரிட்டிஷ் அரசின் சம்மதமின்றி எந்த ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் பணியில் வைக்கக்கூடாது என்றது. நம் ஷரத்தின் இளம் வடிவம் இது. ஆனால் நேபாளிகள் ரெசிடென்டைக் காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்குள்ளேயே நிறுத்திவைத்தார்கள். நாட்டுக்குள் சுற்றவிடவில்லை. வெளியே போக வழியில்லாத ரெசிடென்ட் பிரையன் ஹாட்ஜ்சன், பண்டிதர் அமிர்தானந்தரின் துணையோடு சமஸ்கிருத பௌத்தச் சுவடிகளைத் திரட்டினார். பௌத்த ஆய்வுலகம் அந்தச் சிறையிருப்புக்குக் கடன்பட்டிருக்கிறது. 1857 கிளர்ச்சியை அடக்கப் படை கொடுத்து உதவிய ஜங் பகதூர், இழந்த தராய் நிலத்தில் ஒரு பகுதியை 1860இல் திரும்பப் பெற்றார். 1923இல் நேபாளத்தின் சுதந்திரம் உடன்படிக்கையாகவே எழுதப்பட்டது. உள்ளே விடாமலும் வெளியே பகைக்காமலும் நூறாண்டு தாக்குப்பிடித்த திறமையை, தோற்ற நாட்டின் அடிபணிதல் என்று எழுதுவது நியாயமில்லை.

ஆப்கானிஸ்தானில் எல்லாமே பெரிய அளவில் நடந்தன, தவறுகளும் அப்படியே. 1857 உடன்படிக்கையில் காபூலில் இந்திய அரசின் வக்கீல் ஒருவர் தங்குவார் என்று இருந்தது. அவர் ஐரோப்பியராக இருக்கக்கூடாது. இங்கே வக்கீல் என்பது நீதிமன்ற வழக்கறிஞரைக் குறிக்காது. ஓர் அரசுக்காக மற்றோர் அரசவையில் பேசும் பிரதிநிதிக்குப் பாரசீக வழக்கில் அதுதான் பெயர். முதல் ஆப்கன் போரின் நினைவு இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தது. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஏறத்தாழ 4,500 படைவீரர்களும் 12,000 உடன்வந்தோரும் பனியிலும் கணவாய்களிலும் பெரும்பாலும் அழிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஐரோப்பிய அதிகாரி ஒருவர் காபூலில் இருந்தால் தன் மக்களே தன்னை நம்பமாட்டார்கள், அவர் உயிருக்கும் பொறுப்பேற்க முடியாது என்று அமீர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

வைஸ்ராய் லிட்டன் பிரபு அதைக் காதில் வாங்கவில்லை. முஸ்லிம் வக்கீல்களின் அறிக்கைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி வேண்டும் என்றார். 1877இன் தொடக்கத்தில் பெஷாவரில் அமீர் ஷேர் அலியின் தூதர் சையத் நூர் முகமது வாரக்கணக்கில் வாதாடினார். நோயாளியான அவர் அங்கேயே இறந்தார். பேச்சு முடிந்தது என்று லிட்டன் அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டு ரஷ்யத் தூதுக்குழு காபூல் போக, பிரிட்டிஷ் தூதுக்குழு கைபர் கணவாயில் அலி மஸ்ஜித்தில் தடுக்கப்பட, போர் மூண்டது. 1879 மே 26இல் கந்தமாக் உடன்படிக்கை: ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் மானியம், வெளியுறவு பிரிட்டிஷ் ஆலோசனைப்படி, காபூலில் பிரிட்டிஷ் ரெசிடென்ட். ஜூலையில் ரெசிடென்டாகக் கவாக்னாரி காபூல் போனார். செப்டம்பர் 3ஆம் தேதி, சம்பளம் கிடைக்காத ஆப்கன் படையினர் ரெசிடென்சியைச் சூழ்ந்து அவரையும் காவலர்களையும் கொன்றார்கள். சையத் நூர் முகமது பெஷாவரில் சொன்னது அப்படியே நடந்தது.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகர் நின்றாக வேண்டும். லிட்டன் காபூலோடு மல்லுக்கு நின்ற 1876-78 ஆண்டுகள்தான் நம் தாது வருஷப் பஞ்சத்தின் ஆண்டுகள். மெட்ராஸ் மாகாணத்தில் நிவாரண முகாம்களின் கூலியைக் குறைக்க ஆள் அனுப்பியதும் அதே வைஸ்ராயின் அரசுதான். ஆப்கன் போரின் செலவில் பெரும்பகுதி இந்திய வருவாயின் மேல் விழுந்தது. அண்டை நாட்டு உறவு என்பது எங்கோ கைபரில் நடந்த பெரியவர்கள் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அதற்கான பணத்தில் பட்டினி கிடந்த ஊர்களின் நிலவரியும் இருந்தது.

போருக்குப் பின் வந்த அப்துர் ரஹ்மானுக்கு 1880இல் எழுதிய கடிதத்தில் அதே ஷரத்து: பிரிட்டிஷ் அரசைத் தவிர வேறு எந்த வெளிநாட்டோடும் அரசியல் உறவு கூடாது. பதிலுக்கு 1883 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். ஆனால் காபூலில் ஐரோப்பிய ரெசிடென்ட் இல்லை, மறுபடியும் இந்திய முஸ்லிம் பிரதிநிதிதான். வெளியுலகப் பேச்சை விற்று உள்நாட்டு ஆட்சியை அமீர் தன் பிடியில் வைத்துக்கொண்டார். மானியப் பணத்தில் படையும் ஆயுதமும் வளர்த்தார். 1893இல் மார்ட்டிமர் டூரண்ட் எல்லைக்கோடு பேச வந்தபோது, அமீரின் மீர் முன்ஷி, அதாவது தலைமைச் செயலர், சுல்தான் முகமது கான் திரைக்குப் பின்னால் மறைந்திருந்து பேச்சு முழுவதையும் எழுதிவைத்தார். பஞ்சாபில் பிறந்த இந்தியர் அவர், கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் தந்தை. நவம்பர் 12ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது, மானியம் 18 லட்சமாக உயர்ந்தது. அந்தக் கோடு இன்றும் சண்டையாகவே இருக்கிறது.

இந்த முன்ஷிகளும் வக்கீல்களும் இல்லாமல் கல்கத்தாவால் ஒரு வரிகூடப் பேசியிருக்க முடியாது. பிரிட்டிஷ் தூதர் அலெக்சாண்டர் பர்ன்ஸோடு காபூல் போன மோகன்லால் காஷ்மீரி அப்படிப்பட்டவர். பாரசீக வளைகுடாவின் ஷார்ஜாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்து வந்தவர்கள் அந்த வட்டாரத்தின் வணிகக் குடும்பத்தார். வளைகுடா முறையே அவர்கள் தோளில் நின்றதை ஜேம்ஸ் ஆன்லி தன் ஆய்வில் நிறுவியிருக்கிறார். உளவும் இதே கைகளில் நடந்தது. நயின் சிங் 108 மணிக்குப் பதிலாக 100 மணி கோத்த ஜபமாலையால் காலடிகளை எண்ணிக்கொண்டே 1866இல் லாசா சேர்ந்தார். வங்காளத்தின் சரத் சந்திர தாஸ் அறிஞராக தாஷில்ஹுன்போ போனார், நூல்களோடும் தகவல்களோடும் திரும்பினார். அவருக்கு இடம் கொடுத்துத் துணைநின்ற செங்சென் லாமாவைத் திபெத்திய அரசு ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. விருந்தினரை நம்பியதற்குக் கொடுத்த விலை. தாஸின் திபெத்திய அகராதியைப் புரட்டும்போதெல்லாம் அந்த லாமாவின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

திபெத் ஏன் கதவை இறுக மூடியது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. வைஸ்ராய் கர்சன் தலாய் லாமாவுக்கு எழுதிய கடிதம் 1901இல் முத்திரை உடைபடாமலே திரும்பிவந்தது. போக்ல் காலத்தில் பேச்சு நடந்த அதே திசையில், 1903இல் பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்ட் படையோடு கிளம்பினார். 1904 மார்ச் 31இல் குரு என்ற இடத்தில் பழந்துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த திபெத்தியர்கள் பல நூறு பேர் சில நிமிடங்களில் மாக்சிம் துப்பாக்கிக்கு இரையானார்கள். செப்டம்பர் 7இல் லாசாவில் உடன்படிக்கை. தலாய் லாமா மங்கோலியாவை நோக்கிப் போய்விட்டிருந்தார். 75 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதை 75 ஆண்டுத் தவணைகளில் கட்டி முடிக்கும்வரை சும்பிப் பள்ளத்தாக்கு பிரிட்டிஷ் வசம் என்று யங்ஹஸ்பண்ட் எழுதிவாங்கினார். லண்டன் அதை 25 லட்சமாக வெட்டியது. ஒன்பதாம் ஷரத்து மட்டும் அப்படியே நின்றது: பிரிட்டிஷ் சம்மதமின்றி எந்த அயல்நாட்டுக்கும் நிலம் கிடையாது, தலையீடு கிடையாது, பிரதிநிதி கிடையாது.

ரஷ்ய பயம் பொய்யில்லை. மால்கம் யாப் அதை வேறொரு கோணத்தில் விளக்கியிருக்கிறார்: ரஷ்யா படையெடுக்கும் என்பதைவிட, ரஷ்யா நெருங்கும் செய்தியால் இந்தியர்கள் துணிவு பெறுவார்கள் என்பதே ஆட்சியாளர்களின் உண்மையான கவலை. இது எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. அண்டை நாட்டின் குரலை அடைத்ததும் உள்ளூர் மக்களின் காதை அடைக்கத்தான் என்று இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். ரஷ்யாவின் எல்லை எட்டாத இடத்திலும் ஷரத்து போயிருக்கிறதே. 1892இல் வளைகுடாவின் சிற்றரசர்கள் பிரிட்டிஷ் அரசைத் தவிர யாரோடும் உடன்படிக்கையோ கடிதப் போக்குவரத்தோ வைக்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். 1899இல் குவைத்தின் முபாரக், 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டு ஏறத்தாழ அதையே எழுதிக்கொடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் எதிரியின் பெயர் மாறியது, வாசகம் மாறவில்லை.

இந்த வாசகங்களையெல்லாம் தொகுத்தவர் வெளியுறவுத் துறை அதிகாரி சார்லஸ் ஐட்சிசன். 1860களில் தொடங்கிப் பல பதிப்புகள் கண்ட அவருடைய உடன்படிக்கைத் தொகுதிகள் காலனி அதிகாரிகளின் கையேடு. அதன் கடைசிக் கதை கலங்கவைப்பது. 1913-14இல் சிம்லாவில் பிரிட்டிஷ் தரப்பின் மக்மஹோன், திபெத்தின் லோன்சென் ஷாத்ரா, சீனத்தின் ஐவன் சென் மூவரும் கூடினார்கள். சீன அரசு உடன்பாட்டை ஏற்கவில்லை. திபெத்தோடு தனியே முடிவான எல்லைக்கோடு, 1929இல் வந்த பதினான்காம் தொகுதியில் இடம்பெறவில்லை. 1938இல் வெளியுறவுத் துறை அதிகாரி ஓலஃப் கேரோவின் முயற்சியால் புதிய பதிப்பு அச்சானது. அதில் சிம்லா ஆவணங்கள் சேர்க்கப்பட்டன. அட்டையில் 1929 என்றே போடப்பட்டது. பழைய பிரதிகள் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. தப்பிய சில பிரதிகளால் பிற்காலத்தில் உண்மை வெளிவந்தது. அண்டை நாட்டாரிடம் சொல் சுத்தம் எதிர்பார்த்த அரசு, தன் சொந்த ஆவணத்தின் தேதியைத் திருத்தியது. இதற்குச் சமாதானம் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஷரத்தை முதலில் உடைத்தது காபூல். 1907இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஆப்கானிஸ்தானைப் பற்றித் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்தபோது அமீர் ஹபீபுல்லாவைக் கேட்கவே இல்லை. அவரும் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1919 மேயில் அவர் மகன் அமானுல்லா போர் தொடுத்தார். ஆகஸ்ட் 8இல் ராவல்பிண்டி உடன்படிக்கையோடு பிரிட்டிஷ் தரப்பின் ஹாமில்டன் கிராண்ட் கொடுத்த கடிதம், ஆப்கானிஸ்தான் உள்விவகாரத்திலும் வெளிவிவகாரத்திலும் சுதந்திரமானது என்றது. மானியம் நின்றது. 1921 நவம்பர் உடன்படிக்கைக்குப் பிறகு ஆப்கன் தூதர் லண்டனிலேயே அமர்ந்தார். மின்டோன் கேட்டுக் கிடைக்காதது, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு நாட்டுக்குக் கிடைத்தது.

பூட்டானில் அந்த ஷரத்து நெடுங்காலம் உயிரோடிருந்தது. 1864இல் புனாக்காவில் பிரிட்டிஷ் தூதர் ஆஷ்லி ஈடன் அவமதிக்கப்பட்டார். தொடர்ந்து துவார் போர். 1865 சின்சுலா உடன்படிக்கைப்படி மலையடிவாரத் துவார் நிலங்களை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது இந்திய அரசு. 1910 ஜனவரி 8ஆம் தேதி சார்லஸ் பெல் புனாக்காவில் அதை ஒரு லட்சமாக்கினார்; உள்விவகாரத்தில் தலையிடமாட்டோம், வெளியுறவில் பிரிட்டிஷ் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று எழுதினார். பிரிட்டிஷார் போனபின், 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி டார்ஜிலிங்கில் சுதந்திர இந்தியா பூட்டானோடு உடன்படிக்கை செய்துகொண்டது. தொகை 5 லட்சமானது, தேவன்கிரிப் பகுதியில் 32 சதுர மைல் திரும்பக் கொடுக்கப்பட்டது. இரண்டாம் ஷரத்தில், உள்விவகாரத்தில் தலையிடாமையும் வெளியுறவில் ஆலோசனையும் என்ற அதே சொற்கள், பிரிட்டிஷ் அரசு என்ற இடத்தில் இந்திய அரசு என்று மட்டும் மாறி உட்கார்ந்தன. 2007 பிப்ரவரியில் புதுதில்லியில் அந்த உடன்படிக்கை திருத்தப்பட்டபோதுதான் ஆலோசனை என்ற சொல் அந்த ஷரத்திலிருந்து எடுக்கப்பட்டது.